அடுத்த எல்டர் ஸ்க்ரோல்ஸில் டிராகன் வேண்டுமா, வேண்டாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வீடியோ கேம் தொடரின் ஆறாம் பாகத்தைப் பற்றி நாலு பேர் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே பேச்சு டிராகனில் வந்து நிற்கும். ஒருவர் "டிராகன் இல்லாமல் என்ன எல்டர் ஸ்க்ரோல்ஸ்" என்பார், அடுத்தவர் "ஐயோ, திரும்பவும் டிராகனா" என்பார். ரெண்டு பேருமே ஐந்தாம் பாகமான ஸ்கைரிமை நூறு மணி நேரத்துக்கு மேல் விளையாடியவர்களாக இருப்பார்கள். இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். ஸ்கைரிம் கதையில் சில விஷயங்களை உடைத்துச் சொல்லியிருக்கிறேன், இன்னும் விளையாடாதவர்கள் பார்த்துப் படியுங்கள்.

கேம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

2018 ஜூன் 10 அன்று, ஈ3 கண்காட்சியையொட்டி, இந்தத் தொடரை உருவாக்கும் பெதஸ்தா நடத்திய நிகழ்ச்சியில் அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு வீடியோவைக் காட்டினார்கள். மலைகள், கடற்கரை, பின்னணியில் அந்தப் பழக்கமான இசை, கடைசியில் பெயர். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தக் குழு ஸ்டார்ஃபீல்ட் என்ற வேறு கேமில் இறங்கிவிட்டது, அது 2023 செப்டம்பரில்தான் வெளிவந்தது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடருக்கு முப்பது வருஷம் நிறைந்த 2024 மார்ச்சில், ஆறாம் பாகத்தின் ஆரம்ப வடிவத்தை உள்ளுக்குள் விளையாடிப் பார்க்கிறோம் என்று பெதஸ்தா சொன்னது. நான் இதை எழுதும்வரை வெளியீட்டுத் தேதி, முழுப் பெயர், கதை நடக்கும் ஊர் எதுவுமே அறிவிக்கப்படவில்லை. டிராகன் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒன்றுமே சொல்லாதபோது எதை வைத்து இவ்வளவு பேச்சு?

ஸ்கைரிமை வைத்துத்தான். 2011 நவம்பர் 11 அன்று வந்த கேம் அது, 2023 கணக்குப்படி ஆறு கோடிப் பிரதிகள் விற்றிருக்கிறது. ஒரு தலைமுறைக்கே எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்றால் ஸ்கைரிம், ஸ்கைரிம் என்றால் டிராகன் என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. ஆறாம் பாகத்தின் மேல் இருக்கும் ஆசை, பயம் ரெண்டும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஸ்கைரிம் விளையாடாதவர்களுக்கு: அப்படி என்ன செய்துவிட்டது அந்த டிராகன்?

கேம் தொடங்கும்போதே நீங்கள் கை கட்டப்பட்டு, ஒரு வண்டியில் மரண தண்டனைக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஹெல்கன் என்ற ஊரில் இறக்கி, உங்கள் தலையை வெட்டுமரத்தில் வைக்கிறார்கள். கோடாரி ஓங்குகிற நேரத்தில் எதிரே இருக்கும் கோபுரத்தின் மேல் அல்டுயின் என்ற கருப்பு டிராகன் வந்து இறங்குகிறது. ஊர் எரிகிறது, நீங்கள் தப்பிக்கிறீர்கள். உங்களைக் கொல்ல இருந்தவர்களிடமிருந்து உங்களைக் காப்பாற்றியதே உலகத்தை விழுங்க வந்த அந்தப் பிராணிதான். ஒரு ரோல்பிளே கேமுக்கு இதைவிட நல்ல ஆரம்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வைட்ரன் நகருக்கு வெளியே மேற்குக் காவல் கோபுரத்தில் மிர்முல்னிர் என்ற டிராகனோடு முதல் சண்டை. அது செத்து விழுந்ததும் அதன் சதை தீயாக எரிந்து, ஒளியாகச் சுருண்டு உங்கள் உடம்புக்குள் புகுகிறது. சுற்றி நிற்கும் காவலர்கள் உங்களை டிராகன்பார்ன் (டிராகன் ஆன்மாவோடு பிறந்தவர்) என்கிறார்கள், மலை உச்சியிலிருந்து துறவிகளின் குரல் வானத்தில் இடியாக முழங்கி உங்களைக் கூப்பிடுகிறது. அந்த இடத்தில் வேட்டைக்கு வந்த ஒரு சாதாரண ஆள் என்ற நினைப்பு போய், நாமும் அந்த இனத்தோடு சம்பந்தப்பட்டவர் என்று தெரிகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஸ்கைரிமில் டிராகன் கக்கும் நெருப்பு வயிற்றிலிருந்து வருவதில்லை, அது பேச்சு. டிராகன் மொழியில் மூன்று சொற்களைச் சொன்னால் நெருப்பு வரும், வேறு மூன்று சொற்களைச் சொன்னால் பனி வரும். ரெண்டு டிராகன்கள் சண்டை போடுவது உண்மையில் ரெண்டு பேர் கடுமையாக வாதம் செய்வது என்று மலைமேல் இருக்கும் துறவி ஒருவர் விளக்குவார். டிராகனை வைத்து ஏற்கெனவே ஆயிரம் பேர் கதை பண்ணியிருக்கும்போது இப்படி ஒரு கற்பனையைச் சேர்த்தார்களே, அதற்காகவே இந்தத் தொடர் மேல் எனக்குப் பிரியம் அதிகம்.

இவ்வளவு நன்றாக இருந்தால் அப்புறம் ஏன் சலிப்பு?

எண்ணிக்கைதான் காரணம். அந்த முதல் சண்டைக்குப் பிறகு டிராகன்கள் தற்செயலாக எங்கே வேண்டுமானாலும் வரும். நீங்கள் பட்டாம்பூச்சி பிடித்துக்கொண்டிருப்பீர்கள், யாரிடமாவது முக்கியமாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள், மேலே ஒரு கத்தல் கேட்கும். முதல் அஞ்சாறு தடவை நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்புறம் பெருமூச்சுதான் வரும்.

சண்டையும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தலைக்கு மேல் வட்டமடிக்கும், ஊதும், இறங்கும், கடிக்கும், திரும்பவும் ஏறும். வாளும் கேடயமும் வைத்து விளையாடுபவருக்கு அது கீழே இறங்கும்வரை அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. டிராகனைத் தரைக்கு இழுக்கும் ஷவுட் (டிராகன் மொழியில் நீங்கள் முழங்கும் சக்திச் சொற்கள்) ஒன்று இருக்கிறது, ஆனால் அது முதன்மைக் கதையில் நெடுந்தூரம் போன பிறகுதான் கிடைக்கும். சண்டை முடிந்தால் எலும்பும் செதிலும். ஒரு டிராகன் எலும்பின் எடை 15, தொடக்கத்தில் உங்களால் தூக்க முடிவதே 300. கொஞ்ச நாளில் டிராகன் செத்தால் முதலில் வருகிற யோசனை "இதை எல்லாம் எப்படிச் சுமப்பது" என்பதாகிவிடுகிறது. தேர்த் திருவிழா தினமும் நடந்தால் தெருக்காரர்களுக்கு வண்டி எடுக்க முடியாத கஷ்டம்தான் ஞாபகத்தில் நிற்கும், அதேதான் இங்கேயும்.

வைட்ரனில் மிர்முல்னிர் சண்டை நடக்கும்வரை உலகத்தில் தற்செயல் டிராகன்கள் வராது. இதைத் தெரிந்துகொண்ட நிறைய பேர் இரண்டாவது, மூன்றாவது முறை விளையாடும்போது வேண்டுமென்றே முதன்மைக் கதையை அந்த இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, டிராகனே இல்லாத ஸ்கைரிமில் நிம்மதியாகச் சுற்றுகிறார்கள். கேமின் அட்டைப்பட நாயகனையே தள்ளிவைத்து விளையாடுகிறார்கள் என்றால் அதை வெறும் புலம்பல் என்று ஒதுக்க முடியாது.

டிராகன் பலவீனமாக இருந்தது என்கிறார்களே?

உண்மை. ஆரம்ப நிலையில் ஒரு ராட்சதனின் தடியடி வாங்கினால் நேராக வானத்துக்குப் போய்விடுவீர்கள், அதே நிலையில் டிராகனைச் சமாளித்துவிடலாம். உங்கள் நிலை ஏற ஏற வலிமையான டிராகன் வகைகள் வரும், ஆனாலும் ஒரு நல்ல வில்லும் மறைந்து தாக்கும் திறமையும் சேர்ந்தால் அவையும் பெரிதாக நிற்பதில்லை. அதனால்தான் டெட்லி டிராகன்ஸ் மாதிரி மாட்கள், அதாவது ரசிகர்களே கேமில் செய்யும் மாற்றங்கள், வந்தன. பயப்படுத்தும் டிராகன் வேண்டும் என்று விளையாடுபவர்களே கையால் செய்துகொண்டார்கள்.

டிராகன் ஸ்கைரிமின் கதை, ஆறாம் பாகத்துக்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்ற வாதம் சரியா?

டிராகன் வேண்டாம் என்பவர்களிடம் உள்ள வாதங்களில் பலமானது இதுதான், நான் மதிக்கும் வாதமும் கூட. 2002 மாரோவிண்டில் எரிமலை, சாம்பல் புயல், கொள்ளைநோய், தாகோத் உர் என்ற வில்லன். 2006 ஒப்லிவியனில் நரகத்துக்குத் திறக்கும் வாசல்கள். 2011இல் டிராகன். ஒவ்வொரு பாகமும் தன்னுடைய ஆபத்தைத் தானே கொண்டுவந்தது, முந்தைய பாகத்தின் ஆபத்தைக் கடன் வாங்கவில்லை. ஆறாம் பாகம் மறுபடி டிராகனை நடுவில் வைத்தால் ஸ்கைரிமின் நிழலில் நிற்பது போலத்தான் ஆகும்.

ஆனால் ஒப்லிவியன் வாசல்களை நினைத்துப் பாருங்கள். முதல் வாசலுக்குள் நுழைந்தபோது சிவந்த வானமும் லாவாவும் என்ன மிரட்டல்! அப்புறம் வாசல் வாசலாக அதே மாதிரி கோபுரம், அதே மாதிரி உச்சியில் ஒரு கல்லைப் பிடுங்கினால் முடிந்தது. அங்கே டிராகனே கிடையாது, ஆனாலும் இதே சலிப்பு வந்தது. ஒரு பெரிய ஆபத்தை உலகம் முழுக்கத் தூவிவிட்டால் அது எதுவாக இருந்தாலும் தேய்ந்துபோகும். ஆகவே டிராகனை எடுத்துவிட்டு வேறு பிராணியை வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. 2011இல் சலிப்பூட்டியது அந்தத் தூவிவிட்ட முறை.

கதைப்படி டிராகன் வர வழி இருக்கிறதா?

தாராளமாக இருக்கிறது. ஸ்கைரிமில் டிராகன்கள் திரும்பி வந்ததே அல்டுயின் பழைய புதைமேடுகளிலிருந்து அவற்றை எழுப்பியதால்தான். அல்டுயின் தோற்றபின் செத்தவற்றை எழுப்ப ஆள் இல்லை, ஆனால் ஏற்கெனவே எழுந்தவை எங்கே போகும்? சில, மனிதர்கள் பக்கம் வந்த பார்த்தர்னாக்ஸ் என்ற டிராகனின் அமைதி வழிக்குப் போயிருக்கலாம், சில மலை தாண்டிப் பறந்திருக்கலாம். டிராகனுக்கு முதுமையில் சாவு கிடையாது.

ஆறாம் பாகம் ஹாமர்ஃபெல்லில் நடக்கும் என்று பலர் ஊகிக்கிறார்கள். அது உறுதியில்லை. அப்படியே நடந்தாலும் அந்த நாட்டுக்கும் டிராகனுக்கும் பழைய தொடர்பு உண்டு: 1998இல் வந்த ரெட்கார்ட் என்ற கேமில் ஹாமர்ஃபெல்லைச் சேர்ந்த ஸ்ட்ரோஸ் ம'காய் தீவில் நஃபாலிலார்கஸ் என்ற ஒரு டிராகன் பேரரசுக்குக் காவலாக இருக்கும். ஸ்கைரிமுக்குப் பதின்மூன்று வருஷம் முன்னாலேயே, பெயரோடும் பேச்சோடும் ஒரே ஒரு டிராகன். இதைத்தான் இன்று பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இது போக, இந்த உலகத்தின் தலைமைக் கடவுளான அகடோஷே டிராகன் உருவம்தான். ஒப்லிவியன் முடிவில் பேரரசரின் வாரிசான மார்ட்டின் அந்த உருவத்தை எடுத்து மெரூனஸ் டேகன் என்ற நரகத் தலைவனோடு மோதிக் கல்லாகி நிற்பார். டிராகனை இந்தத் தொடரிலிருந்து முழுசாகப் பிரிப்பது நடக்காத காரியம்.

டிராகன் மேல் ஏறிப் பறக்க முடியுமா?

டிராகன் வேண்டும் என்பவர்களின் முதல் கோரிக்கை இது. ஸ்கைரிமிலேயே முயன்றார்கள். 2012 டிசம்பரில் வந்த டிராகன்பார்ன் விரிவாக்கத்தில் ஒரு டிராகனை ஷவுட்டால் வசப்படுத்தி அதன் முதுகில் ஏறலாம். ஏறலாம், அவ்வளவுதான். அது தன் இஷ்டத்துக்கு வட்டமடிக்கும், நீங்கள் கீழே இருக்கும் எதிரியைக் குறிவைத்துத் தாக்கச் சொல்லலாம், அல்லது தெரிந்த இடத்துக்குப் போகச் சொல்லலாம். கடிவாளம் உங்கள் கையில் இருக்காது. எல்லோரும் ரொம்ப ஆசையாகக் காத்திருந்த விஷயம் அது. கிடைத்ததும் பலருக்கு மனசு தளர்ந்துபோனது.

நியாயமான காரணமும் உண்டு. இந்த மாதிரி கேம்களில் நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள பகுதிதான் முழு விவரத்தோடு நினைவகத்தில் இருக்கும், தூரத்து மலையும் காடும் எளிமைப்படுத்திய வடிவத்தில்தான் தெரியும். குதிரை வேகத்துக்கு அது போதும். டிராகன் வேகத்தில் பறந்தால் உலகம் உங்களுக்கு முன்னால் தயாராகிக்கொண்டே இருக்க வேண்டும். 2011இன் எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ரெண்டிலும் மொத்த நினைவகமே 512 மெகாபைட். இன்றைய எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸில் 16 கிகாபைட், அதோடு வேகமான எஸ்எஸ்டி. ஆகவே அன்று முடியாதது இன்றும் முடியாது என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பறக்க விட்டால் மலைப்பாதை, குகை வாசல், வழியில் கிடைக்கும் சின்னச் சின்ன கதைகள் எல்லாவற்றையும் மேலேயே தாண்டிப் போய்விடுவோம். நடந்து போய்க் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொடரின் உயிர். என்னைக் கேட்டால் முழுக் கேமிலும் ஒன்றிரண்டு பயணம் மட்டும், கதையின் உச்சத்தில், கடிவாளம் நம் கையில் இருக்கும்படி கொடுத்தால் போதும்.

டிராகன் ஒரு பெரிய நகரத்தையே தாக்குமா?

ஸ்கைரிமில் வைட்ரன், ரிஃப்டன், மார்கார்த் போன்ற நகரங்கள் தனித் துண்டுகள், வாசலைத் தொட்டால் லோடிங் திரை வந்துதான் உள்ளே போவீர்கள். அதனால் வெளியே பறக்கும் டிராகன் சுவரைத் தாண்டி நகருக்குள் பாய்வது அபூர்வம். அடி வாங்கியது ரிவர்வுட் மாதிரி திறந்த கிராமங்கள்தான். அங்கே கடைக்காரரோ கொல்லரோ வீராவேசமாக ஒரு கத்தியைத் தூக்கிக்கொண்டு டிராகனிடம் ஓடிச் செத்துப்போவார்கள், அவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள். ஆறாம் பாகத்தில் நகரம் லோடிங் இல்லாமல் திறந்து இருந்து, டிராகன் மணி அடித்தால் ஜனங்கள் நிலவறைக்கு ஓட, காவலர்கள் சுவர்மேல் பெரிய வில்களைத் திருப்ப, மறுநாள் எரிந்த கூரையை யாரோ சரிசெய்துகொண்டிருக்க, அப்படி ஒன்று வந்தால் டிராகன் வேண்டாம் என்று சொல்பவர்களிலும் பாதிப்பேர் மனம் மாறுவார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் கட்சி என்ன?

டிராகன் வேண்டும். கொஞ்சமாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர், குணம், பேச்சு, தனக்கென்று ஒரு தேவை இருக்க வேண்டும். மொத்தக் கேமிலும் எட்டுப் பத்து இருந்தால் எனக்குத் தாராளம்.

இது புதிய யோசனை இல்லை, ஸ்கைரிமே செய்து காட்டியது. டான்கார்ட் விரிவாக்கத்தில் சோல் கெய்ர்ன் என்ற ஆன்மாக்களின் உலகத்தில் டுர்னேவீர் என்று ஒரு டிராகன் இருக்கும். சக்திக்கு ஆசைப்பட்டு அந்த உலகத்தை ஆள்பவர்களோடு ஒப்பந்தம் போட்டது, ஒரு பெண் சாகும்வரை அவளுக்குக் காவல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவள் ரத்தக்காட்டேரி, அவளுக்குச் சாவே கிடையாது என்பதை மறைத்துவிட்டார்கள். அதோடு சண்டை போட்டு வீழ்த்தினால், வெளியே வரும்போது அது உங்களுக்காகக் காத்திருக்கும், சண்டைக்கு இல்லை. டாம்ரியலின் (கதை நடக்கும் கண்டத்தின்) வானத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும், என் பெயரைச் சொல்லி அங்கே கூப்பிடு என்று கேட்கும். கூப்பிட்டால் வரும், கொஞ்ச நேரம்தான் இருக்கும், வந்த ஒவ்வொரு முறையும் ஒரு சொல் கற்றுத்தரும், அப்புறம் அதன் காலம் முடிந்து மறைந்துவிடும். பத்து வருஷத்துக்கு முன்னால் வழியில் கொன்ற டிராகன்களில் ஒன்றின் பெயர்கூட யாருக்கும் நினைவில்லை. டுர்னேவீரை யாரும் மறக்கவில்லை.

டிராகனைக் கொல்லாமல் விளையாட வழி வேண்டும் என்கிறார்களே, நடக்குமா?

நடக்க வேண்டும். உலகத்தின் உச்சியில் தனியாக உட்கார்ந்திருக்கும் கிழட்டு டிராகன் பார்த்தர்னாக்ஸ் உங்களுக்கு ஆசானாகிறது. ஒருகாலத்தில் அல்டுயினுக்கு வலக்கையாக இருந்து கொடுமைகள் செய்தது, பிறகு மனிதர்கள் பக்கம் வந்தது. பிளேட்ஸ் என்ற குழுவினர் அதைக் கொன்றால்தான் உனக்கு மேற்கொண்டு உதவுவோம் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். மனம் திருந்திய ஒருவனின் பழைய குற்றத்துக்கு இன்று தண்டனை கொடுக்கலாமா என்று கேம் கேட்கும், ஆனால் அவர்களிடம் பேசிப் புரியவைக்க வழியே தராது. ஒன்று கொல்ல வேண்டும், இல்லை அவர்களை விட்டு விலக வேண்டும். இதனாலேயே "நான்தான் டிராகன்பார்ன், என் பேச்சைக் கேளுங்கள்" என்று மறுக்க இடம் தரும் த பார்த்தர்னாக்ஸ் டைலெம்மா என்ற மாட் அவ்வளவு பிரபலமானது. விளையாடுபவர்கள் ஒரு டிராகனின் உயிருக்காக கேமையே திருத்தியிருக்கிறார்கள். அடுத்த பாகத்தை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

பழைய டிராகன்பார்னே நாயகனாகத் திரும்புவாரா?

வாய்ப்பு குறைவு. முதன்மைப் பாகங்கள் ஒவ்வொன்றும் புது நாயகனோடு தொடங்குவது வழக்கம். பழையவர் புத்தகங்களிலும் ஊர்ப் பேச்சிலும் வருவார்.

பிழைகள்? டிராகன் பின்பக்கமாகப் பறந்ததாமே?

ஆமாம், 2011 நவம்பர் கடைசியில் வந்த 1.2 பேட்சுக்கு (கேமைத் திருத்தும் அப்டேட்) பிறகு சில டிராகன்கள் வாலை முன்னால் வைத்துப் பறந்தன, அடுத்த பேட்சில் சரிசெய்தார்கள். திறந்த உலகத்தில் இவ்வளவு பெரிய பறக்கும் உருவத்தை மலை, மரம், கூரை எல்லாவற்றோடும் ஒத்துப்போக வைப்பது சுலபமில்லை. எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றையும் நன்றாகச் சோதிக்க நேரம் கிடைக்கும், குறைவாக வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதுவரை டிராகனுக்காக எதை விளையாடலாம்?

சண்டைக்காக என்றால் 2014இல் வந்த டிராகன் ஏஜ் இன்க்விசிஷன். பத்துப் பெரிய டிராகன்கள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தயாராகாமல் போனால் தோல்விதான். கூட அயர்ன் புல் என்ற தோழரை அழைத்துப் போங்கள், டிராகனைப் பார்த்ததும் குழந்தை மாதிரி சந்தோஷப்படுவார், ஜெயித்தபின் அவரோடு உட்கார்ந்து குடிக்கும் காட்சியும் உண்டு.

திடுக்கிட வேண்டும் என்றால் எல்டன் ரிங். லிம்கிரேவ் பகுதி ஏரியில் அகீல் என்ற டிராகன் வந்து இறங்குவதைப் பற்றி யாரிடமும் கேட்காமல் போங்கள். அங்கே கொன்ற டிராகனின் இதயத்தைத் தின்று அதன் சக்தியை எடுக்கலாம், தின்னத் தின்ன உங்கள் கண்களே மாறிவிடும். குறைவாக வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க 2023இன் பால்டர்ஸ் கேட் 3: ஆரம்பத்தில் கப்பலைத் துரத்தும் சிவப்பு டிராகன்கள், அப்புறம் வெகுநேரம் கழித்து நகரத்துக்கு அடியில் ஆன்சர் என்ற டிராகன். அதற்கு முன்னால் மறக்காமல் சேவ் செய்துகொள்ளுங்கள், அது மின்னலைத் திரட்ட ஆரம்பித்தால் எல்லோரையும் மறைவான இடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.